வரிசையில் நிற்கும் குரல்

நவம்பர் 14, காலை 9.10
கடலடி ஆய்வு வீடு, மன்னார் வளைகுடா. எழுதுபவர்: டெல்பின் கொரைரா, பவளப்பாறை ஆய்வாளர். வீட்டில் நான் ஒருத்திதான். காற்று சீர். மேலே மிதவையிலிருந்து குழாய் வழியாக வருகிறது.

புது ரூட்டர் ஓடுகிறது. கரை நிலையத்திலிருந்து ரெனால்டு அண்ணன் கேட்டான்: "ஏட்டி, எது முந்திப் போகணும்னு முன்னுரிமை போட்டுரவா?" "ஃபைபர் கேபிள்ல இவ்வளவு வேகம் இருக்கு. எதுவும் வரிசையில நிக்கப் போறதில்ல. என்னத்துக்குப் போடணும்?" என்றேன். சிரித்தான். தப்பான கணக்கில்லை, எட்டு கேமராவும் ஓடியும் பாதையில் பத்தில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை.

காலை 10.35
வீடு குலுங்கியது. ஏதோ ஒரு கப்பலின் நங்கூரம் இழுபட்டிருக்க வேண்டும். ஃபைபர் அறுந்துவிட்டது. மிதவையிலுள்ள மாற்று ரேடியோவை ரூட்டர் தேடுகிறது. அதுவரை வெளியே போக வேண்டியவை எல்லாம் உள்ளே சேர்கின்றன.

காலை 11.20
ரேடியோ கிடைத்தது. மிக மெலிந்த பாதை.

காற்றுக் குழாயும் கிழிந்திருக்கிறது. காற்று மானியின் முள் இறங்குகிறது. பல நாள் அடிக்கடல் அழுத்தத்தில் இருந்த உடம்பு இது. நேராக மேலே நீந்தினால் இரத்தத்தில் குமிழி கட்டிச் சாவேன். முக்குளிப்பவர்கள், அழுத்தம் குறையாமல் மேலே தூக்கும் கூண்டோடு வந்துதான் எடுக்க வேண்டும்.

"காற்று போகிறது. உடனே வா" என்று அனுப்பினேன். போகவில்லை. காத்திருக்கிறது.

காலை 11.40
அண்ணன் குரல் தெளிவாக வருகிறது; கரையிலிருந்து வருவதற்கு வரிசை இல்லை. "கேபிள்தாம்ட்டி அறுந்திருக்கு, பயப்படாத. நீ நல்லா இருக்கேன்னு சேதி வந்துட்டே இருக்கு."

வீடு தானாக அனுப்பும் 'நலம்' சேதிகள். பழையவை. கேமராப் படங்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கரையேறுகின்றன. என் அலறல் எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கிறது.

மைக்கில் கத்தினேன். குரலும் அதே வரிசையில்தான் போய் நின்றது.

மதியம் 12.05
கேமராக்களைப் பிடுங்கிவிட்டேன். ஏற்கெனவே சேர்ந்தது குறையவில்லை. ரூட்டரில் என் சேதிக்கு முன்னுரிமை போட்டேன். 'மறுபடி இயக்கினால் அமலுக்கு வரும்' என்கிறது.

அணைத்தால் வரிசை முழுவதும் அழியும். அது நல்லது. ஆனால் ரேடியோ திரும்பக் கிடைக்காமல் போனால்?

தலை வலிக்கிறது. அண்ணன் யாரிடமோ பேசுவது கேட்கிறது: "அவ நல்லாத்தான் இருக்கா. நீங்க மொதல்ல கேபிளப் பாருங்க."

அணைக்கிறேன். மாதாவே.

மதியம் 12.30
கிடைத்தது. அனுப்பினேன். ஒரு நொடியில் போனது.

பிறகு அவன் குரல், உடைந்து: "ஐயோ ஏட்டி... நல்லா இருக்கேன்னுல்லா வந்துச்சு. முங்குறவங்கள கேபிளுக்கு அனுப்பிட்டேனே. கூப்பிடுதேன். இப்பவே திருப்பி வரச் சொல்லுதேன். நீ பேசாத. மூச்ச மட்டும் விடு."

மதியம் 1.15
படுத்தபடி எழுதுகிறேன். அண்ணன் ஓயாமல் பேசுகிறான், நான் தூங்கிவிடக் கூடாதென்று. எலும்பு வரை குளிர். எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: அவனைத் திட்டாதீர்கள்.

1.40
எஞ்சின் சத்தம். தலைக்கு நேர் மேலே. வந்துவிட்டார்கள். சுவரில் சுத்தியலால் தட்டினேன். தட்டினேன்.

நிற்கவில்லை. தாண்டிப் போகிறது.

"படகு தாண்டிப் போகுது. நிறுத்து" அனுப்பினேன். உடனே போனது.

உடனே பதில்.

"எந்தப் படகுட்டி? நம்மாளுங்க இப்பதான் கூண்ட ஏத்துதாங்க. இன்னும் கெளம்பவே இல்லியே. அது வேற ஏதோ படகா இருக்கும்."

1.50
மானி முள் பூஜ்யத்தில். அசையவி