பத்து நிமிடம் சும்மா இருந்தால்

மதுரை
22.5.2006

அன்பு மகள் ஸ்ரீலட்சுமிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க மீனாட்சி துணையிருப்பாள். அழகர் மலைக்குத் திரும்பிவிட்டார், ஊரும் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. அம்மா மாடியில் வடகம் காயவைத்துக் காக்காயோடு மல்லுக்கட்டுகிறாள், எல்லாம் உனக்குத்தான். கையால் எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும், அதனால் இதை உன் தம்பி கிரிதரன் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்புவான்.

பேராசிரியர்கள் இணையத்தில் பாடம் நடத்த நீ வடிவமைத்த பக்கத்தை எங்கள் கல்லூரியில் ஒரு வாரமாகப் பார்க்கிறேன். எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பதில் பொழுது போவதே தெரியவில்லை. எங்களுக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது, எழுத்தைப் பெரிதாக வைக்கவேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது? ஆனால் ஒன்று கேட்கவேண்டும். கணக்குத் துறை ஹம்சவேணி மேடத்துக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து குரலே இல்லை. உன் பக்கத்தில் எழுதியே பாடம் நடத்த முடிந்தால் வேலையில் இருக்கலாம், இல்லாவிட்டால் விருப்ப ஓய்வுதான் என்று முதல்வர் சொல்லிவிட்டார். பார்த்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. மூன்று நாள் எழுதினார், மூன்று நாளும் பாடம் பாதியில் காணாமல் போனது. கம்ப்யூட்டர் இவருக்கு வராது என்று நானும் அறிக்கை கொடுத்துவிட்டேன். மறுநாள் லேப் உதவியாளர் அழகுபாண்டி வந்து, "சார், மேடம் ஒரு தப்பும் பண்ணல, கன்னத்துல கைய வச்சு யோசிச்சுக்கிட்டு இருந்தாக, அம்புட்டுத்தான், அதுவா வெளிய தள்ளிருச்சு" என்றார். நானே போய் நாலு வரி அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சரியாகப் பத்தாவது நிமிடம் பக்கம் மூடிக்கொண்டு மறுபடி கடவுச்சொல் கேட்டது, நாலு வரியும் போயிற்று. அந்தப் பத்து நிமிடத்தை யாரம்மா முடிவு செய்தது? கை ஓடவில்லை என்றால் ஆள் எழுந்து போய்விட்டார் என்று அர்த்தமா? கணக்கில் ஒரு படி தாண்ட அவர் அரை மணி நேரம் சும்மா இருப்பார், அதுதான் அவர் வேலையே. இருபது வருடமாகப் பக்கத்து அறையில் இருக்கும் எனக்கே அது உறைக்கவில்லை, உன்னை என்ன சொல்ல. வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஜூன் பத்தாம் தேதி மறுபடி பார்க்க முதல்வர் ஒப்புக்கொண்டார். அதற்குள் எழுதியது எழுதியபடி தானாகவே சேமித்துக்கொள்ளும்படி மாற்றிவிடு, அதை எப்படிச் செய்கிறாய் என்றும் விவரமாக எழுது, தெரிந்துகொள்ள ஆசை. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மேடத்திடம் போய் மன்னிப்புக் கேட்டேன். துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார், "எனக்குத்தான் வரவில்லை என்று நானும் நம்பிவிட்டேன் சார், ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்" என்று. அந்தக் கடிதத்தை அவர் இன்னும் கிழிக்கவில்லை. நீ தீர்க்காயுசாக இரு, தேதியை மறந்துவிடாதே.

உன் பதிலை எதிர்பார்க்கும் அப்பா,
ராஜாராம்