கட்டுமாவடி வீட்டுப் பால்கனி

புதுத் தூணின் கான்கிரீட் காயாமல் இருக்க ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டி வைப்போமே, அந்த வாசனை உனக்குப் பிடிக்கும். நனைந்த நாய் மாதிரி நாறுகிறது என்று நான் மூக்கைப் பொத்தினால், "கட்டடம் குளிச்சிட்டு நிக்கிது, அதப் போயி நாறுதுங்கறியே" என்பாய். இன்று காலை கட்டுமாவடியில், நாம் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கட்டிய அதே வீட்டின் மொட்டைமாடியில் நின்றேன். மாடியில் ரூம் எடுக்கிறார்கள், வேலையை நான்தான் பார்க்கிறேன். தூண்களுக்குச் சாக்குச் சுற்றித் தண்ணீர் விட்டிருந்தார்கள். வாசனை வந்தது, நீ இல்லை. போன ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லையே. எனக்கு இன்னமும் அழுகையைவிடக் கோபம்தான் கூடுதலாக வருகிறது. அந்த வீட்டு அக்கா இன்று ஒரு விஷயம் சொன்னார்கள். அதைக் கேட்டபிறகு உன்னோடு சண்டை போடாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வீடு கட்டிக் கொடுக்கிற அறந்தாங்கி ஆபீசில் நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். ஒரே படிப்பு, ஒரே வயசு, வாடகைக்கு எடுத்த ஒரே அறை. சைட்டில் எல்லாரும் நம்மை இஞ்சினியர் பிள்ளைகள் என்பார்கள். உன்னிடம் பேசும்போது மட்டும் குரலில் கொஞ்சம் பயம் இருக்கும். என்னிடம் அந்தப் பயமெல்லாம் கிடையாது. ஏன் இருக்கும்? நான் வாயைத் திறந்தாலே முதலில் வருவது, "எனக்குச் சரியாத் தெரியல, நான் தப்பாக்கூடச் சொல்லலாம்" என்பதுதான். சுவர் சாய்ந்திருக்கிறது என்பதைக்கூட, "லேசாச் சாஞ்ச மாதிரி எனக்குத்தான் தெரியுதோ என்னவோ" என்று சொல்லுவேன். யாரும் கேட்க மாட்டார்கள். ராத்திரி அறைக்கு வந்து, பொம்பளைப் பிள்ளை சொன்னால் எவன் மதிக்கிறான் என்று உன்னிடம் புலம்புவேன்.

"ஜவுளிக்கடையிலகூட ஆடி மாசந்தான்டி தள்ளுபடி. நீ வருஷம் பூராப் போடுற" என்று ஒருநாள் சொன்னாய். "ஒன் பேச்ச நீயே நம்பலைன்னா மேஸ்திரி ஏன் நம்பணும்?" எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீ அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை, அதில் இன்னும் எரிச்சல்.

நீ மட்டும் என்ன ஒழுங்கா? கோபம் வந்தால் வேலையை விட்டுவிடுவாய். முதலாளி ஏதாவது ஒன்று சொல்லிவிட்டால் போதும், "நாளையிலிருந்து வரமாட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் அடிக்க ஆரம்பித்துவிடுவாய். நான் போனைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன். "குடுடி, இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாத்துர்றேன்" என்று கத்துவாய். சோறு சாப்பிட்டதும் கேட்கமாட்டாய். காலையில் எனக்கு முன்னாடி கிளம்பி ஸ்கூட்டியில் உட்கார்ந்திருப்பாய். நான் அப்படி உட்காராமல் இருந்திருந்தால் நீ அந்த ஆபீசில் ஒரு மாசம் தாண்டியிருக்க மாட்டாய், இதை நீயே ஒத்துக்கொண்டிருக்கிறாய்.

கட்டுமாவடி வீட்டுக்குத் தளம் போட்ட நாள் நினைவிருக்கிறதா? நான் அங்கே, நீ மணமேல்குடியில் வேறு சைட்டில். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தார், அக்காதான் கூடவே நின்று கட்டினார்கள். விடியும்போதே கலவை மெஷின் வந்துவிட்டது, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, பூஜைக்கு ஆள் வரவேண்டியதுதான் பாக்கி. நான் மேலே ஏறிக் கம்பியைப் பார்த்தேன். வீட்டுக்குள் இருக்கிற தளத்துக்கு முக்கியக் கம்பி அடியில் வரும். சுவரைத் தாண்டி அந்தரத்தில் நீளுகிற பால்கனிக்கு அது மேலே வரவேண்டும். இவர்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி அடியிலேயே கட்டி வைத்திருந்தார்கள். முட்டுப் பலகையைப் பிரிக்கிற அன்றைக்கே பால்கனி தொங்கிவிடலாம். அப்படித் தொங்காவிட்டால் இன்னும் மோசம், என்றைக்காவது ஆளோடு கீழே வரும்.

"அண்ணே, எனக்குச் சரியாத் தெரியல, கம்பி மேல வரணுமோ?" என்றேன். மேஸ்திரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் நிக்கிம்மா. நல்ல நேரம் போயிரும், அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க." இன்னொரு தடவை சொன்னேன், இன்னும் மெதுவாக. அப்புறம்தான் படியோரம் ஒதுங்கி உனக்குப் போன் போட்டேன். நீ வந்து ஒரு சத்தம் போட்டால் தீர்ந்தது, அதுதான் என் எண்ணம்.

"பிளான்ல கம்பி எங்க இருக்கு?"

"மேல."

"அங்க எங்க கட்டிருக்காக?"

"கீழ."

"அப்பறம் என்னத்தத் தெரியலங்கற? நான் வரமாட்டேன் போ."

கட் பண்ணிவிட்டாய். திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. அந்தப் படியில் உட்கார்ந்து அழுதேன். உன்னைத் திட்டினேன், மேஸ்திரியைத் திட்டினேன், சாயங்காலம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவது, இந்த வேலையே வேண்டாம் என்று முடிவே பண்ணிவிட்டேன். பூஜை முடிந்து சூடம் காட்டினார்கள். அக்காவின் சின்ன மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் நீட்டியபோது அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தேன். இவள்தானே நாளைக்கு அந்தப் பால்கனியில் போய் நிற்கப்போகிறாள்?

எழுந்து மேலே போனேன். முதல் சட்டி கலவை ஏறிக்கொண்டிருந்தது. "நிறுத்துங்க. பால்கனிக் கம்பிய மேல தூக்கிக் கட்டணும். கட்டாம இங்க கலவை விழக்கூடாது" என்றேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்ல நேரத்துல கை வச்ச வேலைய நிறுத்தச் சொல்றீங்களே, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நீங்களா பொறுப்பு?" என்றார். "பால்கனி விழுந்தா நான்தாண்ணே பொறுப்பு" என்றேன். அக்காதான் வழி சொன்னார்கள்: "நல்ல நேரத்துக்கு ஒரு சட்டிய ஈசானி மூலையில போட்ருங்க. மிச்சத்தப் பிள்ளை சொல்றபடி செஞ்சுட்டுப் போடுங்க." அப்படியே செய்தார்கள். கம்பியைப் பிரித்து, மேலே தூக்கிக் கட்டி, மிதித்தாலும் இறங்காமல் அடியில் முட்டுக் கொடுத்து முடிக்க வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மேஸ்திரி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ராத்திரி அறையில், "என்னாச்சு?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டாய். "தூக்கிக் கட்டியாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஆபத்துக்கு வராதவள் என்ன சிநேகிதி என்று ஒரு முள் மனசுக்குள் இருந்தது. நாம் எவ்வளவோ சிரித்தோம், எவ்வளவோ சுற்றினோம், அந்த முள் மட்டும் போகவே இல்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அது இருந்தது.

இன்று அக்கா, "பால்கனி சும்மாத்தான கெடக்கு, தண்ணி டேங்க அதுல வச்சிரலாமா?" என்றார்கள். "வைக்கக் கூடாதுக்கா. தாங்காது" என்றேன். கூட நின்ற அவர்கள் தம்பி, எல்லாம் தாங்கும் என்றார். தாங்காது என்று இன்னொரு தரம் சொன்னேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தளம் போட்ட அன்னைக்கும் இப்புடித்தான் சொன்னீக. ஒங்க கூட்டாளிப் பிள்ளை வேலிக்கு வெளிய நின்னு கேட்டுட்டுத்தான போச்சு."

"எப்பக்கா? அவ வரவே இல்லையே" என்றேன்.

"தெரியாதாம்மா? பூசை நடக்கையிலயே ஸ்கூட்டில வந்துருச்சு. உள்ள வாம்மான்னேன். 'வேணாங்க்கா, என்னப் பாத்தா அவ சொல்லமாட்டா. கலவை பால்கனிப் பக்கம் போனா மட்டும் உள்ள வாரேன்'னுச்சு. நீங்க நிறுத்துங்கன்னதும் அதுக்கு அம்புட்டுச் சிரிப்பு. வந்தத யார்ட்டயும் சொல்லிறாதீங்கன்னுட்டுக் கெளம்பிருச்சு."

பாவி! எத்தனை வருஷம் என் பக்கத்தில் படுத்திருந்தாய், ஒரு வார்த்தை சொன்னாயா? உன்மேல் எவ்வளவு கோபத்தைச் சுமந்தேன் தெரியுமா? இப்போது அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்?

அன்றைக்கு யாருமே இல்லாமல் தனியாக நின்று சொன்னேன் என்பதுதான் இத்தனை வருஷமாக எனக்குத் தைரியம். எந்த சைட்டில் யாரிடம் மல்லுக்கு நின்றாலும் அதை நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறப்பேன். அது தனியாகச் சொன்னது இல்லையாமே. இந்த வீட்டில், நீ வேலிக்கு வெளியே நிற்காமல், நான் உண்மையிலேயே தனியாகச் சொன்னது இன்றைக்குத்தான், டேங்க் வைக்கக் கூடாது என்றது. சொல்லிட்டேன்டி.