என் திரையில் லாகின் வரவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இந்தப் புனே ஆபீசில் ஒரே கணினியில் பல டெர்மினல்கள், அதாவது மேசைக்கு ஒரு திரையும் விசைப்பலகையும். எந்த மேசையில் லாகின் வர வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கணினியின் பட்டியலில் ஒரு வரி எழுதிவைப்பது என் வேலை. நம்மூர்ப் பேச்சில் மயங்கி, புதிதாகச் சேர்ந்த மேட்டுப்பாளையத்து சைத்ராவுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தேன். நேற்று என் திரையில் மட்டும் லாகின் வரவில்லை. பட்டியலில் என் மேசைக்கான வரியை நிறுத்தியிருந்தவள் அவள்தான்.

"ஏனுங்க, இந்த வேலைக்கு ஒருத்தி போதும்னு மேனேஜர்கிட்ட சொல்லிப்போட்டனுங்க" என்றாள். முதுகில் குத்தும்போதும் 'ங்க' குறையவில்லை!

வேலை போகவில்லை, வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம். பஸ் ஸ்டாப்பில் நின்று எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. கச்சாயம் சுட்டு அனுப்பும்போது அவளுக்கும் சேர்த்து இரண்டு பொட்டலம் கட்டுவீர்களே, இனி ஒன்று போதும்.

பிரத்யுஷா