முள்ளம்பன்றி வளைவு

ஜூன் 3, செவ்வாய்

இதனால் சகலருக்கும், அதாவது இந்த டைரியைத் திறந்து படிக்கப்போகிற ஒரே ஆளான எனக்கு, அறிவிப்பது என்னவென்றால்: இங்கே எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. எழுதுகிற ஆளே நம்புவானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

இன்று மாலை கண்ணாடிக் கடையைச் சாத்திவிட்டு சைக்கிளில் மலை ஏறினேன். ஊருக்குப் பின்னால் இருப்பது அப்படியொன்றும் பெரிய மலை இல்லை என்பார்கள். அது அவர்கள் பார்வைக் கோளாறு; கடைக்கு வந்தால் சரிசெய்து தருவேன். உச்சியில் மேகத்தை இரண்டு கையாலும் விலக்கித்தான் வழி பார்க்க வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், இதுவரை யாரும் வரைபடத்தில் ஏற்றாத பாதை ஒன்று இறங்குகிறது. போகிற வழியைப் போனில் பதிவாக ஓடவிட்டு இறங்கினேன். பாதி வழியில் ஒரு வளைவு. வளைவின் நடுவே, கன்றுக்குட்டி அளவில் ஒரு முள்ளம்பன்றி! குறுக்கே நின்று முட்களைக் குடை மாதிரி விரித்தது. என்னை மேலும் கீழும் பார்த்துச் சுங்கம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி வணங்கினேன். போய்த் தொலை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாதைக்கு அடியிலேயே இருந்த தன் அரண்மனைக்குள் நுழைந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே இரண்டு பஸ் நிறுத்தலாம்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு நேரங்கழித்துப் போனதற்கு இதுவே காரணம் என்று விளக்கினேன். அக்கா தட்டை டொக்கென்று வைத்தாள். "உன் சைக்கிளுக்கு பிரேக் இருக்கு. உன் வாய்க்குத்தான்டா இல்ல."

அக்கா மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவளுக்கு வேறு பெயர் உண்டு. நான் வைத்த பெயர் வாலு. அடுத்த மாதம் மலைச் சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். கிடங்கு வேலைக்குப் போகுமுன் தினமும் காலையில் மலை. ஒரு வருஷமாக இதே தவம்.

ஜூன் 5, வியாழன்

சைக்கிள்கடைச் சுவரில் இருக்கும் மலை வரைபடத்தில் புதுப் பாதையை ஏற்றினேன். அந்தச் சுவரில் இருக்கும் மலை முழுவதும் என் கைவண்ணம். பச்சைக் கோடு சுலபம், நீலம் நடுத்தரம், கறுப்பு ஆபத்து என்பது உலக வழக்கம். என் பாதைகள் அத்தனையும் கறுப்பு, தலைமாட்டில் மண்டையோடு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போகும் மண்பாதைக்குக்கூட 'யமன் வாசற்படி' என்றுதான் பெயர். குழந்தைகள் அதில் மூன்று சக்கர சைக்கிள் விடுகிறார்கள்.

இதனால் யாருக்கும் குழப்பமில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மலையில் சைக்கிள் ஓட்டும் எங்கள் கூட்டத்தில் ஒரு வழிமுறை இருக்கிறது. ஆரம்பித்துவைத்தது எங்களோடு ஓட்டவரும் நர்ஸ். புதிதாக வருபவர்களுக்குச் சுவரைக் காட்டிச் சொல்வார்: "மாமா எது எழுதியிருந்தாலும் நாலால வகுத்துக்கோங்க. ஆறடி பள்ளம்னா ஒன்றரை அடி. மண்டையோடுன்னா முழங்கால்ல சிராய்ப்பு." கூட்டத்தில் எல்லோருக்கும் நான் மாமாதான். என் வரைபடத்தை இத்தனை பேர் கரைத்துக் குடித்திருக்கிறார்களே என்று எனக்குப் பெருமை.

புது வளைவுக்கும் மண்டையோடு போட்டு, 'முள்ளம்பன்றி அரண்மனை, சுங்கம் கட்டவும்' என்று எழுதினேன். சைக்கிள்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். போன வருஷம் ஒரு சேற்றுக்குட்டையின் ஓரம் 'முதலை ஜாக்கிரதை' என்று நான் பலகை நட்டதை மறுபடி எல்லோருக்கும் சொன்னார்.

நல்ல நாள்.

ஜூன் 14, சனி

மழை. வானத்தில் யாரோ குழாயை மூட மறந்துவிட்டார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

மழை விட்டதும் மலைக்குப் போனேன். சைக்கிள் வழுக்கும் என்று நடந்தே.

அந்த வளைவில் காலை வைத்ததும் சத்தம் வேறு மாதிரி இருந்தது. மண் மாதிரி இல்லை. பெட்டியின் மூடிமேல் நிற்பதுபோல. பின்வாங்கிக் குனிந்து பார்த்தேன். மேல்பக்கத்தில் ஓடிவருகிற தண்ணீர் அந்த முள்ளம்பன்றிப் பொந்துக்குள் நுழைந்து, சரிவில் நன்றாகக் கீழே வந்து கொட்டுகிறது. நடுவில் பாதைக்கு அடியில் என்ன மிச்சமிருக்கிறது? மேலே புல் பச்சைப்பசேலென்று சிரிக்கிறது. பார்த்தால் தெரியவே தெரியாது.

கிளைகளை ஒடித்து இரண்டு பக்கமும் குறுக்கே போட்டேன். அங்கே நின்றபடியே கூட்டத்தின் வாட்ஸப் குழுவில் எழுதினேன்: "தொட்டிக்குப் பின்னாடி இருக்கற பாதைல யாரும் போகாதீங்க. வளைவுல அடிமண் போயிடுச்சு. மேல மட்டும்தான் இருக்கு."

"முள்ளம்பன்றி லாரி வாங்கிடுச்சா மாமா?" இது சைக்கிள்கடைக்காரர்.

"நாலால வகுத்தா சின்னக் குழி" என்று நர்ஸ்.

"இல்லம்மா, இது நிஜம்" என்று எழுதினேன். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். யாரோ ஒருவர், "எவ்ளோ ஆழம் மாமா?" என்று கேட்டார்.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? தெரியல, இறங்கிப் பாக்கல, ஆனா ஆபத்து. அவ்வளவுதானே? கையா அது? தானாக எழுதியது: "பூமிக்கு அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியுது."

சிரிப்பு கொட்டியது. எனக்கும் ஒரு நிமிஷம் குளிர்ந்துதான் போச்சு.

ஏன்டா எழுதினே?

ஜூன் 19, வியாழன்

இரண்டு நாளாகக் கடையில் மனம் ஒட்டவில்லை. இன்று அக்கா வீட்டுக்குப் போனேன். வாலு வாசலில் உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாலு, அந்த வளைவு விஷயம். நிஜமாவே சொல்றேன்."

"நீங்க என்னைக்கு மாமா இது பொய்னு சொல்லிட்டு சொன்னீங்க?"

"சத்தியமா."

"முதலைக்கும் சத்தியம் பண்ணீங்க. என் தலைல கை வச்சு." தலையைச் சாய்த்துக் காட்டினாள், இங்கேதான் என்பதுபோல.

உள்ளேயிருந்து அக்கா சிரிப்பது கேட்டது. நானும் சிரித்துத் தொலைத்தேன். வேறு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நிஜத்தைச் சொல்வதற்கென்று மனிதர்கள் தனியாக ஒரு குரல் வைத்திருக்கிறார்கள். என்னிடம் அது இல்லை. இருந்ததா என்றே ஞாபகம் இல்லை.

"சரி மாமா, மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க. நாலால வகுத்து மெதுவா போறேன்."

வனக்காவலருக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே கம்பும் நாடாவும் கொண்டுபோய்க் கட்டிவிட வேண்டும்.

ஏன் ஞாயிற்றுக்கிழமை? நாளைக்கே போனால் என்ன? — நாளைக்குக் கடையில் லென்ஸ் வருகிறது.

ஜூன் 21, சனி

எழுதியாக வேண்டும்.

கடையில் ஒரு அம்மாவுக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா போன். "காலைல போனவ இன்னும் வரலடா. வேலைக்கும் போகல. போன் அடிக்குது, எடுக்க மாட்டேங்குறா." அந்த அம்மாவை மூக்கில் மாட்டிய சோதனைக் கண்ணாடிச் சட்டத்தோடு நாற்காலியிலேயே விட்டுவிட்டு மலைக்கு ஓடினேன். கடையைச் சாத்தினேனா? இல்லை.

கிளைகள் பாதை ஓரமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அழகாக, யாரோ வீட்டைக் கூட்டிவைத்த மாதிரி.

வளைவு இல்லை. வளைவு இருந்த இடத்தில் ஓட்டை. சைக்கிள் முன்சக்கரம் புதைந்து செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. கீழே சரிவில் புதருக்குள் அவள் சட்டை தெரிந்தது. கூப்பிட்டேன். என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. வாலுன்னு வாயில வரல.

உயிர் இருக்கு. உயிர் இருக்கு.

தோள்பட்டை எலும்பு. விலாவில் இரண்டு. நர்ஸும் வனக்காவலரும் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்து சேரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏதாவது பேசுங்க மாமா என்றாள். உலகத்தையே பேசித் தீர்த்தவனுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஆபரேஷன் முடிந்தது. பந்தயம் இல்லை. கை பழையபடி தலைக்குமேல் தூக்க வருமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். கிடங்கில் பெட்டி தூக்கும் கை அது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அக்கா என் பக்கம் பார்க்காமலே கேட்டாள். "ஒரே ஒரு தடவ மத்த மனுஷங்க மாதிரி சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"சொன்னேன்க்கா."

"தெரியும். உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நானும்தான் சிரிச்சேன்."

ஜூன் 26, வியாழன்

அன்று நாற்காலியில் விட்டுவிட்டு ஓடினேனே, அந்த அம்மா கண்ணாடி வாங்க வந்தார். "எல்லாம் சரியா தெரியுதுங்க" என்றார். லென்ஸில் கால் பவர் பிசகினால்கூட எனக்குச் சாப்பாடு இறங்காது. கடைக்குள் அப்படி. கதவைத் தாண்டியதும் எந்த லென்ஸை மாட்டிக்கொண்டு இத்தனை வருஷம் திரிந்தேன்?

ஜூலை 1, செவ்வாய்

சைக்கிள்கடைக்குப் போய்ச் சுவரைத் துடைத்தேன். மண்டையோடுகள் சுலபமாகப் போகவில்லை. சைக்கிள்கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"கிளைய எடுத்து ஓரமா வச்சது நான்தான் மாமா. முதலை போர்டு மாதிரின்னு நெனச்சேன். வாலு வேகமா வருவாளே, தடுக்கிடுவாளோன்னுதான்..."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். யாரை? இன்னொரு துணியை நனைத்து அவரிடம் கொடுத்தேன். இருவருமாகத் துடைத்தோம்.

ஜூலை 13, ஞாயிறு

தினமும் கடை முடிந்ததும் ஒரு பாதை. நடந்து, பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். 'வேர்கள் அதிகம். மழையில் வழுக்கும்.' 'இடப்பக்கம் சரிவு. இறங்கித் தள்ளவும்.' யமன் வாசற்படி இப்போது பச்சைக் கோடு. பெயர்: பள்ளிக்கூடப் பாதை.

கூட்டம் சுவர் முன்னால் நின்று படிக்கிறது. ஒருவரும் சிரிப்பதில்லை. நர்ஸ் மெதுவாகக் கேட்டார்: "மாமா, இப்ப எதால வகுக்கணும்?"

"வகுக்க வேணாம்மா."

தலையாட்டினார். நம்பினாரா? தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இன்று பந்தயம். அக்கா வீட்டில் டிவி கூடப் போடவில்லை. வாலு கைக்கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்து என் புது வரைபடத்தைப் போனில் பார்த்தாள். "மருந்துச்சீட்டு மாதிரி இருக்கு மாமா" என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

வாலு நடக்க வருகிறேன் என்றாள். அக்கா தடுக்கவில்லை; "மெதுவா கூட்டிட்டுப் போடா" என்றாள் — என்னிடம் அவள் தானாகப் பேசி எத்தனையோ நாளாயிற்று.

வனக்காவலர் வளைவை வேலிபோட்டு அடைத்திருக்கிறார். மேல்பக்கமாகப் புதிய தடம் வெட்டியாகிவிட்டது. வேலியருகே வாலு நின்றாள். கை இப்போது தோள்வரை எழும்புகிறது. அதற்கு மேல் முகம் சுளிக்கிறாள். வருமாம், நாளாகுமாம். அதை எத்தனையாலும் பெருக்காமல், வகுக்காமல் எழுதுகிறேன்.

நல்ல கையால் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள். பென்சில் நீளம்.

"அன்னைக்குக் கீழ கிடந்தப்ப கைல தட்டுப்பட்டுச்சு. மண்ணோட சேர்ந்து சரிஞ்சு வந்திருக்கு. இத வச்சுக்கிட்டேதான் படுத்திருந்தேன். மாமா சொன்னது அவ்வளவும் ரீலு இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. இந்த எடம் ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியும்ல, அதனால எப்படியும் இங்க தேடி வருவீங்கன்னும் தெரிஞ்சுது."

முள்ளை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.

"எவ்ளோ பெருசு மாமா அது?"

கன்றுக்குட்டி என்று வாய் போனது. நிறுத்தினேன். "பூனையவிடக் கொஞ்சம் பெருசு."

"சுங்கம் கேட்டுச்சா?"

"என்னப் பாத்ததும் பயந்து ஓடிடுச்சு."

அன்றைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்; விலா வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டாள். திரும்பும் வழியில் சைக்கிள்கடையில் நுழைந்து, மார்க்கரை வாங்கி, இடதுகையால் கோணல்மாணலாக அந்த வளைவுக்குப் பெயர் எழுதினாள்: முள்ளம்பன்றி வளைவு. அதன் கீழே எழுதச் சொல்லி என்னிடம் நீட்டினாள். 'அடைக்கப்பட்டது. மேல்தடத்தில் போகவும்' என்று எழுதினேன்.

ஆக, இந்த டைரியின் முதல் பக்கத்தைப் படிக்கப்போகிறவனுக்கு ஒரு திருத்தம். மேகத்தை விலக்கியது பொய். கன்றுக்குட்டி பொய், சுங்கம் பொய், நான் ஹெல்மெட்டைக் கழற்றி வணங்கியதும் பொய். உள்ளே பஸ் எல்லாம் நிற்காது. என் கை முழங்கைவரை போனது. அதற்கு மேலும் உள்ளே இடம் இருந்தது.

முள்ளம்பன்றியும், பாதைக்கு அடியில் அதன் பொந்து இருந்ததும் மட்டும் உண்மை. அன்றைக்கே பார்த்தேன்.