கோயில்காட்டில் இறங்கிய வளையம்

ஏப்ரல் 21, திங்கள்
மண் மூச்சு விடும் என்று ரஞ்சிதா சொன்னதை நம்பி, யாரும் பார்க்காதபோது தரையில் காதை வைத்துப் பார்த்தேன். காதுக்குள் எறும்பு போய்விட்டது. அவள்தான் தண்ணீர் ஊற்றி எடுத்தாள். படித்த பெண், சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

அன்னவாசல் பக்கம் அவளுக்குச் சாமான் தூக்குவது என் வேலை. காய்ந்த மண்ணில் முதல் மழை பட்டதும் உள்ளே உறங்கும் கிருமிகள் விழித்து, நைட்ரஜன் ஆக்சைடு என்று ஒரு வாயுவை விடுமாம். உரமே படாத மண்ணில் அது எவ்வளவு வருகிறது என்று ஆராய்ச்சிப் படிப்புக்காக அளக்க வந்திருக்கிறாள். முள்காட்டில் இரும்பு வளையம் அடித்தாயிற்று. அதன்மேல் மூடி வைத்தால், மிஷின் காற்றை இழுத்துக் கணக்குச் சொல்லும். பாக்கி, சாமிக்கென்று விட்ட கோயில்காடு.

ஏப்ரல் 23, புதன்
வாசலிலேயே பூசாரி குழந்தைசாமி மறித்துவிட்டார். எனக்கு மாமன் முறை.

"இரும்பு இந்த மண்ணுல எறங்கக் கூடாதும்மா. மம்பட்டியே உள்ள போனதில்ல."

ரஞ்சிதா கையில் சுத்தியல். முகம் செத்துவிட்டது. மழைக்கு முன்பே வளையம் இறங்க வேண்டும். விட்டால் அடுத்த கோடைதான்; படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும். நான் குறுக்கே புகுந்தேன்.

"என்னையப் பொண்ணு பாத்துட்டு வேணாம்னு போன ஆளு நீங்க. இதுக்காச்சும் சரின்னு சொல்லுங்களேன் மாமா."

"வேணாம்னதாலதான் இன்னிக்கு வரைக்கும் நல்லா இருக்கேன்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் வழிவிடவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்
நேத்து திரும்பி வரும்போது அந்தப் புள்ள பஸ்ஸில அழுதுக்கிட்டே வந்துச்சு. அந்த நேரத்துல எனக்கு என்ன கேலி வேண்டிக் கிடக்கு?

ஏப்ரல் 26, சனி
ரஞ்சிதா பிளாஸ்டிக் குழாயை வளையமாக அறுத்து வந்தாள். மாமா புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இரும்பு இல்ல, சரி. ஆனா அடிக்கவும் கூடாது. அமுக்கிக்கங்க."

செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போனோம். சருகு மூடிய மண், முள்காடு மாதிரி இறுகவில்லை. வளையத்தின்மேல் பலகை போட்டு ரஞ்சிதா ஏறினாள். அசையவில்லை. நான் ஏறினேன். சத்தமில்லாமல் இறங்கியது.

"ஆத்தாடி, தப்பிச்சேன்" என்றார் மாமா.

என் எடைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததே இல்லை.

மே 2, வெள்ளி
மேகம் கூடியது. கலைந்தது. ரஞ்சிதா சாப்பிடவில்லை.

மே 4, ஞாயிறு
ஜெயித்துவிட்டோம்.

மதியம் நல்ல மழை. விட்டதும் வளையத்தின்மேல் மூடியை வைத்தோம். மிஷின் திரையில் காலையில் அடியோடு படுத்துக் கிடந்த வாயுக் கோடு விறுவிறுவென்று ஏறியது. "வந்துருச்சுக்கா" என்று ரஞ்சிதா என்னைக் கட்டிக்கொண்டாள். படிப்பு தப்பியது.

மாமா குடையோடு எட்டிப் பார்த்தார். "இம்புட்டு நாளா இந்த மண்ணு இங்கிட்டா வாயு விட்டுக்கிட்டு இருந்துச்சு?"

"ஆமா மாமா, உங்களக் கேக்காமத்தான்."

மறுபடியும் மேகம் கறுத்தது. இன்னும் பெய்யட்டும் என்று வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். பெய்தது.

வீட்டு மொட்டைமாடியில் கூழ்வற்றல் காயப்போட்டிருந்தேன். இப்போது கூழாக இருக்கிறது.