உங்கள் வாய்க்குப் பொருந்தாத ரப்பர்

அக்கா,

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நம் நீச்சல் குளத்து ஸ்டோரிலிருந்து, முங்குகிறவர்கள் வாயில் கவ்வும் புது ரப்பர் மவுத்பீஸ் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, டீ பாத்திரத்தில் வெந்நீர் காய்ச்சி, முக்கியெடுத்துக் கடித்துவிட்டேன். சூட்டில் இளகி அவரவர் பல்வரிசைக்குப் படியுமே, அந்த வகை. கொஞ்சம் ஆறவிட்டுக் கடிக்கவேண்டும் என்று அட்டையில் போட்டிருந்ததாம். என் மூன்றாங்கிளாஸ் படிப்புக்கு இங்கிலீஷ் எங்கே வரும்? உதடு வெந்தது. வீட்டில் மிர்ச்சி பஜ்ஜி சுட்டுவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

சுட்ட ரப்பர் வாசனை இரண்டு நாள் சமையலறையை விட்டுப் போகவில்லை. அதோடு நீங்களும் போகவில்லை.

ஹைதராபாத்தில் கடல் ஏது? அதனால்தான் மாதாப்பூர்க் கம்ப்யூட்டர் பிள்ளைகள் சிலிண்டர் மாட்டிக் கடலில் முங்குவதற்கு முன் பழகிக்கொள்ள நம் குளத்துக்கு வருகிறார்கள். நீங்கள் உள்ளே இறங்கிக் கற்றுக்கொடுத்தீர்கள். நான் கரையில் சிலிண்டரும் குழாயும் கழுவினேன். காற்றுக் குழாயின் முனையில் வாயால் கவ்வும் ரப்பரை மாட்டி இறுக்குவதும் என் வேலை. புதுசு வந்தால் கஸ்டமருக்கு, பல்லால் கடிக்கும் பிடி தேய்ந்தது நமக்கு. இது யாரும் போட்ட சட்டமில்லை. நானாகவே அப்படிப் பிரித்தேன்.

உங்களுக்குச் சின்ன வாய். நான் மாட்டிக்கொடுத்ததோ ஆம்பளை அளவு, பல்பிடி பாதி தேய்ந்துபோனது. முன்பல்லால் மட்டும் கவ்வி, தாடையை முன்னே தள்ளி, குழாய் ஒரு பக்கமாக இழுக்க இழுக்க, தினம் நாலு மணி நேரம் பிடித்திருந்தீர்கள். தேயத் தேய இன்னும் அழுத்திக் கடிக்கவேண்டும். எட்டு வருஷம் கடித்தீர்கள். வேறு ஒன்று கொடு என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேலி செய்துகொண்டே கொடுத்திருப்பேன்.

பிறகு காதுக்கு முன்னால் 'டிக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. சப்பாத்தியை விட்டு, குழைந்த தயிர்சாதத்துக்கு வந்தீர்கள். பெண் பார்க்க வருகிறார்களா, இவ்வளவு நாசூக்காகச் சாப்பிடுகிறீர்களே என்றேன்.

"நக்கோடி, வேணாம், சிரிக்க வெக்காத. சிரிச்சா வலிக்குது."

அதைக் கேட்டு இன்னும் நாலு சொன்னேன். என் புத்தி அப்படி.

மல்காஜ்கிரி பஸ்ஸில்தான் உண்மையைச் சொன்னீர்கள். தாடை மூட்டு கெட்டிருக்கிறது, வாய்க்குப் பொருந்தின ரப்பர் வேண்டும், இரண்டு மாதம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார்.

"சார் காதுல போட்ராதடி. தண்ணில இறங்கலேன்னா என்னை எதுக்கு வெச்சிப்பாரு?"

உங்கள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பத்து நாள் காப்பாற்றினேன்.

பதினோராம் நாள் ஒரு பேட்ச் முடிந்து கேக் வெட்டினார்கள். நீங்கள் வாயைத் திறந்தீர்கள், டிக் என்றது. முதலாளி பக்கத்தில் நின்றார். எல்லோருக்கும் புரியட்டும் என்று இந்தியிலேயே சொன்னேன்: அக்கா தாடைக்கு எண்ணெய் போடணும் சார், டாக்டரே சொல்லிவிட்டார். பேட்ச் முழுக்கச் சிரித்தது. நீங்களும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். முதலாளி மட்டும் சிரிக்காமல், எந்த டாக்டர் என்று கேட்டார்.

திங்கட்கிழமை உங்களை வாசல் மேஜையில் பெயர் எழுத உட்காரவைத்தார்கள். தலை காய்ந்து உங்களை நான் பார்த்தது அந்த மாதம்தான். அடுத்த மாதம் ராமச்சந்திராபுரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கே போய்விட்டீர்கள். போன் செய்தால் எடுத்து, "நல்லா இருக்கேன்டி" என்று சொல்லி வைத்தீர்கள். ஒரு தடவை திட்டியிருக்கலாம். அதைக்கூட எனக்குக் கொடுக்காமல் போன உங்கள் நல்ல குணத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு நீங்கள் போய்ச்சேர்ந்த செய்திதான் வந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். அதற்கும் தாடைக்கும் சம்பந்தமில்லை என்றார் உங்கள் தம்பி. நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். சர்ச்சுக்குக் கொண்டுபோகுமுன் பார்த்தேன். தாடையை வெள்ளைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்த அறையில் எனக்குச் சொல்ல ஒரு தமாஷும் வரவில்லை.

இப்போது உங்கள் இடத்தில் ஒரு ஆள். வந்த மூன்றாம் மாதம் தாடை வலிக்கிறது சார் என்று முதலாளியிடம் நேராகச் சொன்னார். அந்த வாரமே ஸ்டாஃப் எல்லோருக்கும் பல்லுக்குப் படியும் ரப்பர் வந்துவிட்டது. அவ்வளவுதான் அக்கா விஷயம். ஒரு வாரம்.

நான் சுமப்பது இதுதான். உங்கள் டாக்டர் செய்யச் சொல்லி, பஸ்ஸில் நீங்கள் எனக்குச் செய்துகாட்டின சோதனையை வருகிறவர் எல்லோருக்கும் செய்கிறேன். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விடவேண்டும். உங்களுக்கு ஒன்றரைதான் போயிற்று. யாருக்கு மூன்று போகவில்லையோ அவருக்குச் சின்ன ரப்பர், புதுசு. கஸ்டமர், ஸ்டாஃப் வித்தியாசமெல்லாம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கஸ்டமர் வரிசையில் நின்ற ஒருவரை வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். இரண்டு விரல்தான் போயிற்று. சின்ன ரப்பர் மாட்டிக் கையில் கொடுத்து, கவ்விப் பார்க்கச் சொன்னேன். கவ்வினார். வலிக்கிறதா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். பிறகு அதை எடுத்துவிட்டு, ரீடிங் எடுக்கணும், கரண்டு மீட்டர் எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன்.