காற்றில்லா நாளின் புகைத்தூண்

வாடைக் காற்று வாழ்க! அது சுழற்றும் ஆழிகள் வாழ்க! ஏழ்முகில் நாட்டை ஆளும் அரசி பொலங்கொடி, வெண்குன்றக் கோட்டத்துத் தலைவரும் நம்மோடு ஒரே செவிலியின் பாலுண்டு வளர்ந்தவருமாகிய எழினிக்கோவுக்கு விடுக்கும் திருமுகம். உம் குடிகளுக்கும் கன்றுகாலிகளுக்கும் குறையொன்றும் வாராதிருக்க. உம்மை வாழ்த்த வேண்டிய இடத்தில் எழுத்தாணி நின்றுவிட்டது, மேலே படியும்.

வேங்கைமரக் காட்டை வெட்டி எரித்து ஒளி செய்த உலைகளை மூடிவிட்டு, குன்றின்மேல் காற்றில் சுழலும் சக்கரங்களாகிய காற்றாழிகள் பிறப்பிக்கும் ஒளியைச் செப்புக்கம்பி வழியே வீடுதோறும் அனுப்புவோம் என்றோம். விறகொளியைவிட இதற்கு நெல் கூடுதலாகும் என்பதையும் மறைக்கவில்லை. காடு பிழைக்குமென்றால் தருகிறோம், ஆனால் வருவது காற்றொளிதான் என்பதற்கு யார் பொறுப்பு என்று குடிகள் கேட்டனர். நீர் வாளைத் தொட்டு ஆணையிட்டீர். அவ்வாணைக்கு நாம் பிணை நின்றோம். அந்தச் சொல்லை நம்பி அவர்கள் விசிறியின்றியே வீடு குளிரக் கூரைக்கு வெண்சுண்ணம் பூசினர், சுவரில் காற்றுவழி திறந்தனர், அறைக்கொரு விளக்கோடு நிறுத்திக்கொண்டனர். காற்றடங்கிக் குன்றில் சங்கு ஊதினால் அந்த ஒன்றையும் மனமுவந்து அணைத்தனர்.

சென்ற திங்கள் ஒரு மாலை, அறிவிப்பின்றி உம் நகரின் படித்துறையில் இறங்கினோம். இலை அசையவில்லை. சங்கு ஊதியது, ஊர் இருண்டது. உம் மாளிகை மட்டும் பட்டப்பகலாய் நின்றது. சாளரங்களைப் பட்டால் அடைத்து, உள்ளே விசிறிகளைச் சுழலவிட்டு, கூத்து நடந்துகொண்டிருந்தது. அதன் பின்புறம் எழுந்த புகை, கலைக்கக் காற்றில்லாமல், நட்ட தூண்போல் வானில் நின்றது. மற்ற நாளெல்லாம் காற்று உமக்காகப் பொய் சொன்னது, எழினிக்கோ. அன்று அது வாய் மூடிக்கொண்டது.

அப்போதும் உம்மை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. நம்மை யாரென்றறியாமல் அருகே கூடையிறக்கிய உப்புக்காரி செம்பியிடம், அது மடைப்பள்ளிப் புகையாக இருக்கும் என்றோம். “ஏன் தாயி, யானையவா அவிக்கிறாக?” என்று அவள் சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபின், எல்லாம் ஒரே புகைதான் என்றால் மலிவான விறகொளியே தனக்குப் போதும், காடு யாருக்காகப் பிழைக்க வேண்டும் என்றாள். சிரிப்பைவிட அந்தச் சொல்தான் சுட்டது.

மாளிகைப் பின்கட்டில் உலையைக் கண்டோம். வேங்கைத் துண்டங்கள் மலையாய்க் குவிந்திருந்தன. மறுநாள் காற்று எழுந்தபின் குன்றேறினோம். ஆழிகளிலிருந்து இறங்கும் கம்பிகள் பாறை மறைவில் அறுத்துவிடப்பட்டிருந்தன. ஆழிகள் ஊர்ப் பார்வைக்காக வெறுமே சுழன்றன. அனுப்பியது விறகொளி, வாங்கியது காற்றொளிக்கான நெல், சங்கு வெறும் நாடகம்! பகைவன் செய்திருந்தால் படை அனுப்பியிருப்போம். பால்குடி உறவு செய்ததற்கு எந்தப் படையை அனுப்புவது?

ஆகவே கேளும். அவ்வுலையை உம் கையாலேயே இடியும். அறுத்த கம்பிகளை இணையும். மிகுதியாய்ப் பெற்ற நெல்லைத் திருப்பித் தாரும். வாளும் குடையும் இன்றி வீடுவீடாய் நடந்து, செய்ததை உம் வாயால் சொல்லும். செம்பியின் வீட்டிலிருந்து தொடங்கும். அவள் சிரித்தால் நின்று கேளும். மன்னிப்பதும் மறுப்பதும் அவர்கள் உரிமை. பிணை நின்றவர் நாமாதலால் தண்டனை நமக்கும் உண்டு: வெண்குன்றத்தின் கடைசி வீடும் காற்றொளியைத் தானே விரும்பிக் கேட்கும்வரை நம் அரண்மனையில் விளக்கேறாது.

இது நம் ஆணை. இது நம் முத்திரை. அரக்கு உருக்க ஏற்றிய சுடரையும் அணைத்துவிட்டோம்.